மீண்டெழும் செடிக்கு ஒருநாள் காசு

நீர்நிலைகளைத் துப்புரவாக்க அரசும் அயல்நாடும் கொட்டிய பணம் எங்கே நின்றது, எங்கே கரைந்தது? மாவடிப்பள்ளிப் பாலத்திலிருந்து ஒரு கணக்கு.

இலங்கையின் கிழக்குக் கரையில், காரைதீவிலிருந்து அம்பாறை வீதியில் மேற்கே போனால், வீடுகள் முடிகிற இடத்தில் வெளி இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். அதுதான் மாவடிப்பள்ளி. பாலத்து ஓரத்தில் நின்று கீழே குனிந்தால் கண்ணில் முதலில் படுவது பல நாட்களில் தண்ணீராக இருக்காது. பச்சைதான் படும். ஆற்றுவாழை. ஊதிப் பருத்த காம்புகள், மேலே உள்ளங்கை அகலத்துக்கு இலை, இடையிடையே ஊதாப் பூ. பூவின் மேலிதழில் மயிற்கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. அழகு என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், தனியாக வராது. கொடிவிட்டு அடுத்த செடியைப் பிடித்திருக்கும். அது அதற்கடுத்ததை. அடியில் கறுத்த வேர்க்குஞ்சம் தாடி போலத் தொங்கும். அந்தத் தாடிக்குள் நத்தை இருக்கும், கூனி இறால் இருக்கும், பொலித்தீன் கிழிசல் இருக்கும். மேற்கே சம்மாந்துறை வயல்களில் இருந்து வடிந்து வந்த சேறும் இருக்கும். ஓர் ஆற்றின் நோயறிக்கையை எழுத ஆய்வுகூடம் வேண்டாம், இந்த ஒரு செடியை உதறிப் பார்த்தால் போதும்.

வெள்ளம் வரப்போகிறது என்றால் பெக்கோ இயந்திரம் வரும். பாலத்துக் கண்களை அடைத்து நிற்கும் பச்சையைத் தோண்டித் தோண்டிக் கரையில் குவிக்கும். படம் எடுப்பார்கள், செய்தி வரும். அள்ளியதில் பாதி கரையிலேயே அழுகி, வந்த சத்தோடு திரும்பவும் ஆற்றுக்குள் இறங்கும். மீதி அடுத்த மழைக்கு மிதந்து பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

இதே வீதியில்தான் 2024 நவம்பர் 26ஆம் திகதி அது நடந்தது. அடைமழை, வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம். வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. மாணவர்கள் ஆறு பேர் உட்பட எட்டு உயிர்கள். தேடித் தேடி எடுத்த ஜனாஸாக்களை இந்தக் கரையோரம் இன்னும் மறக்கவில்லை. அந்த மரணங்களுக்கு ஒரு செடியைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை. ஆனாலும் ஒன்று சொல்லலாம்: பதினொரு மாதம் நாம் மறந்திருக்கும் தண்ணீர், பன்னிரண்டாம் மாதம் தன் வழியைக் கேட்டு வருகிறது. அந்த ஒரு மாதத்தில்தான் நமக்கும் ஆறு ஞாபகத்துக்கு வருகிறது, காசும் ஞாபகத்துக்கு வருகிறது.

வயலுக்கு இட்டது ஆற்றுக்கு வந்தது

ஆற்றுவாழை இங்கே பிறந்ததல்ல. தென்னமெரிக்காவின் செடி, அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. வந்து சில வருடங்களிலேயே அதன் சுபாவம் தெரிந்துவிட்டது. 1909இலேயே ஆங்கில அரசு இதற்கென்று தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போட்டது. இந்தச் செடியை வைத்திருப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்று சட்டம் சொல்லி நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. செடி சட்டம் படிக்கவில்லை. நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகிவிடும். அதன் விதையோ சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருடம் உயிரோடு தூங்கக்கூடியது. இன்று மேலே இருப்பதை முழுக்க அள்ளிவிட்டாலும், கீழே தூங்குவது இன்று பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும்.

சத்துள்ள நீர் எங்கிருந்து வருகிறது? மேற்கே போக வேண்டும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம். அந்த நீர் கால்வாய்களில் பிரிந்து வயல் வயலாக இறங்கி, கடைசியில் வடிநீராகக் கரையோரத்துத் தாழ்நிலங்களுக்கு வருகிறது. மாவடிப்பள்ளியும் கரைவாகு வட்டையும் கிட்டங்கியும் அந்த வடிநீரின் கடைசிக் காலடிகள். மேலே ஒருவர் வயலுக்கு இட்ட யூரியாவில் பயிர் உறிஞ்சாதது, களைக்கு அடித்த மருந்தில் மிஞ்சியது எல்லாம் வாய்க்கால் வழியே இந்தப் பக்கம்தான் வரும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1962இல் அரசு உர மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2005இன் பின் ஒரு காலம் 50 கிலோ மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மலிவான உரத்தை அளந்து போடுகிறவர் குறைவு. ஆக, மேலே உரத்தைப் போட அரசு காசு கொடுக்கிறது. கீழே அந்த உரத்தில் கொழுத்த செடியை அள்ளவும் அரசே காசு கொடுக்கிறது. இடையில் ஆறு நிற்கிறது. இதற்கு மருந்து ஒரே இரவில் உரத்தை நிறுத்துவதும் இல்லை. 2021இல் அதைச் செய்து பார்த்தோம். விளைச்சல் விழுந்தது, விவசாயி தெருவுக்கு வந்தான், ஆண்டு முடியுமுன்னே தடையும் தளர்ந்தது. அளவோடு போடக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளை வட்டைக்கு அனுப்பியிருந்தால் அந்த நட்டத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது.

மேற்கின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. கல்முனை மாநகரம் இலட்சம் பேரளவில் ஒட்டி உறைகிற, நாட்டின் நெருக்கமான ஊர்களில் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே வயலும் ஈரநிலமும், நடுவே ஒரு பட்டி நிலம். 2004 சுனாமியில் மாவட்டங்களுக்குள் அம்பாறையே அதிக உயிர்களை இழந்தது. பிறகு கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். கடலை விட்டு எழும்பியவர் எங்கே போவார்? மேற்கே நகர்ந்தோம், மண் போட்டு நிரப்பினோம். வயல்நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். இருந்தும் ‘இந்த வளவு முந்தி வயல்’ என்று சொல்லாத குடும்பம் இங்கே குறைவு. வீடு நெருங்கிய இடத்தில் மலசலகூடக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தது. கொண்டவட்டவான் பக்கமிருந்து சுத்திகரித்த குழாய்நீர் வந்த பிறகு கிணற்றையும் மறந்தோம், ஆற்றையும் மறந்தோம். குடிக்கிற தண்ணீர் வேறு, ஓடுகிற தண்ணீர் வேறு என்று மனதுக்குள் ஒரு வரப்புக் கட்டிக்கொண்டோம்.

ஆறு ஒன்று, கந்தோர் ஒன்பது

இந்த ஆற்றைத் துப்புரவாக்க வேண்டியவர் யார்? கால்வாயும் வடிச்சலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. சிறு குளமும் வயலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. பாலம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. கரை நிலம் பிரதேச செயலகத்துக்கு. குப்பை பிரதேச சபைக்கு. நீரின் தரம் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. மீன் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபைக்கு. முதலையும், அறுவடைக்குப் பிறகு இந்த வெளியில் கூட்டமாக வந்து நிற்கும் யானையும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு. முகத்துவாரத்து மணல் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. ஆற்றுவாழைக்கு மட்டும் எல்லை கிடையாது. காரைதீவுப் பிரதேச சபையில் முளைத்ததும் சம்மாந்துறைப் பக்கத்தில் முளைத்ததும் ஒரே கொடிதான்.

இந்தப் பக்கத்து எந்தக் கந்தோர் வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு:

“சேர், ஆத்துவாழைய எப்ப அள்ளப்போறீங்க?”

“எஸ்டிமேட் அனுப்பியிருக்கம் காக்கா. எலொக்கேஷன் வந்தா அடுத்த கிழமையே பெக்கோ இறக்கிருவம்.”

“எலொக்கேஷன் எப்ப வரும்?”

“அதத்தான் நாங்களும் பாத்துக்கிட்டிருக்கம்.”

சேர் பொய் சொல்லவில்லை. காசின் நாட்காட்டி அப்படி. நம்முடைய நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு கிடைத்து, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதும்போது வருடத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். கிழக்கிலோ ஆறு வற்றி, இயந்திரம் இறங்கத் தோதான காலம் மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் மாரி எட்டிப்பார்க்கும். நவம்பர், டிசம்பரில் ஆறு கரைமீறும். டிசம்பர் 31இல் செலவழியாத ஒதுக்கீடு திறைசேரிக்கே திரும்பிவிடும். கொழும்பில் எழுதிய நாட்காட்டிக்கும் கிழக்கின் மழைக்கும் பொருத்தம் பார்க்கவே இல்லை. ஆகவே காசு இருக்கும்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. தண்ணீர் வற்றும்போது காசு இன்னும் வந்து சேரவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று வரவு செலவுத் திட்டப் புத்தகத்துக்குள்ளே இருக்கிறது. அரசுக் கணக்கில் செலவு இரண்டு வகை: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. கட்டுவது, வாங்குவது, தோண்டுவது மூலதனம். சம்பளம், எரிபொருள், திருத்தம், பராமரிப்பு போன்ற ஒவ்வொரு வருடமும் திரும்ப வருவது மீண்டெழும் செலவு. நீர்நிலைத் திட்டங்கள் பெரும்பாலும் மூலதனத்தில் பிறக்கின்றன. கல்வெட்டு வைக்கலாம், நாடா வெட்டலாம். மீண்டெழும் செலவுக்கு நாடா கிடையாது. பிரதேச சபைக்கு இருக்கும் சோலைவரி, சந்தை வாடகை, முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்ந்து ஊழியர் சம்பளத்துக்கும் குப்பை வண்டி டீசலுக்குமே இழுபறி.

தமிழ்ச் சொல்லே கணக்கை முடித்து வைத்திருக்கிறது. மீண்டெழும் செடிக்கு மீண்டெழும் செலவுதான் வேண்டும். நாம் அதற்கு ஒருநாள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளக்காட்டில் ஒரு மின்வேலி

ஒருநாள் காசு என்னாகும் என்று பார்க்க இங்கிருந்து அதிக தூரம் போக வேண்டாம். அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காடு. சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரத்தில் குப்பை மலைமலையாகக் குவிந்தது. ஆற்றோரமும் குளத்தோரமும் கொட்டியதைத் தடுக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியில் 2008இல் அங்கே கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைந்தது. நல்ல எண்ணம், நல்ல காசு. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. யானை உள்ளே வராமல் மின்வேலியும் போட்டார்கள்.

2014இல் மின்னல் அடித்து வேலி கெட்டது. வேலி கட்டக் காசு இருந்தது, திருத்தக் காசு இல்லை. குப்பை மீள்சுழற்சி ஆகாமல் குவிந்தது, ஊர்கள் அதற்கு நெருங்கி வளர்ந்தன, யானைகள் உள்ளே வரத் தொடங்கின. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தின்று, எட்டு வருடங்களில் 20 யானைகள் அளவில் அங்கே செத்திருக்கின்றன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. யானையின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்த படத்தை உலகம் பார்த்தது. கரையோர ஊர்களின் குப்பைக்கான விடை அன்றும் கிடைக்கவில்லை.

மின்வேலியின் ஒரு பழுதைத் திருத்தும் செலவு, அந்த நிலையத்தைக் கட்டிய செலவோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அந்தத் தூசை யார் தலைப்பில் எழுதுவது என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கவில்லை. கொடை தந்தவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றுக்கொண்டவர் ‘எங்களுக்கு ஒதுக்கீடு இல்லை’ என்றார். இடையில் யானை செத்தது.

1981: வாய்க்காலில் இறங்கிய பட்டதாரிகள்

இதே மண்ணில் மறுபக்கக் கதையும் நடந்திருக்கிறது. உலகத்துப் பல்கலைக்கழகங்களில் நீர் முகாமை படிப்பவர்கள் கல்லோயா என்ற பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம்.

1979இல் அமெரிக்க உதவியோடு கல்லோயா இடதுகரைக் கால்வாய்த் திட்டத்தைப் புனரமைக்கத் தொடங்கினார்கள். கொங்கிரீட்டும் மதகும் மட்டும் போட்டிருந்தால் அது இன்னொரு திட்டமாகவே போயிருக்கும். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இல் வேறொன்று செய்தன. இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக வயலுக்குள் அனுப்பின. அவர்கள் கையில் மண்வெட்டியும் இல்லை, காசோலையும் இல்லை. ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் பத்துப் பதினைந்து விவசாயிகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் குளத்தில் தண்ணீரும் குறைவு. அப்படியிருந்தும் சில கிழமைகளுக்குள், பத்து, இருபது வருடங்களாக யாரும் தொடாத வாய்க்கால்களை விவசாயிகளே சிரமதானத்தில் வெட்டித் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மேலே இருந்தவர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வால்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். நாட்டில் இனப்பகை கொதித்த நாட்கள் அவை. அப்போதும் மேலே மிச்சம் பிடித்த தண்ணீர் கீழே இறங்கி வந்தது. அந்த வெற்றியின் பின்னேதான் 1988இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்கள் அனைத்திலும் விவசாயிகளைச் சேர்த்துக்கொள்ளும் கொள்கையை அமைச்சரவை ஏற்றது. கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

குறையும் அதற்குள்ளேயே இருந்தது. அந்த அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை. திட்டக் காலத்துச் சம்பளம்தான். கொஞ்ச நாளில் ஆசிரியர் நியமனம், வேறு அரச வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். வாய்க்காலையும் மனிதரையும் சேர்த்துக் கட்டிய ஆளுக்குத்தான் நிரந்தரக் காசு இருக்கவில்லை. மூலதனம் முடிந்தது, மீண்டெழும் செலவுக்கு ஆள் இல்லை. பள்ளக்காட்டு வேலியின் கதைதான், உருவம் மட்டும் வேறு.

காசு போட்டதில் எது பலித்தது?

வெளியே கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்கா 1972இல் இயற்றிய தூய நீர்ச் சட்டத்தின் 314ஆம் பிரிவு ஏரிகளுக்கென்றே ஒரு நிதித்திட்டத்தை உண்டாக்கியது. 1976 முதல் ஏறத்தாழ 14 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். அதன் அடுக்கு கவனிக்கத்தக்கது. முதற்கட்டக் காசு நோயறிய மட்டும்: ஏரிக்குள் என்ன வருகிறது, எங்கிருந்து வருகிறது? இரண்டாம் கட்டம் சிகிச்சை. மூன்றாம் கட்டம், சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்து ஏரி உண்மையில் தேறியதா என்று பார்க்க. முதற்கட்டத்தில் மத்திய அரசு 70 வீதம் வரை கொடுக்கும். சிகிச்சைக்கு 50 வீதம்தான், மீதியை உள்ளூர் போட வேண்டும். பணக்கார நாடு என்றாலும் 1990களின் நடுவில் அந்தத் திட்டத்துக்குக் காசு நின்றது. ஏரிகள் பிறகு வேறொரு பொது நிதியின் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று. மத்திய அரசை மட்டும் நம்பிய தண்ணீருக்கு எங்கேயும் இதுதான் கதி.

ஜப்பானின் பிவா ஏரி வேறு வழியில் போனது. 1977இல் ஏரி சிவந்து நாறியது. சலவைத்தூளில் இருந்த பொஸ்பரஸும் காரணம் என்று தெரிந்ததும், வீட்டுப் பெண்கள் அந்தத் தூளைத் தூக்கிவைத்துவிட்டுச் சவர்க்காரத்துக்கு மாறினார்கள். அது ஓர் இயக்கமானது. 1979இல் ஷிகா மாகாணம் பொஸ்பரஸ் கலந்த சலவைத்தூளைத் தடுத்துச் சட்டம் போட்டது. அரசும் பெருங்காசு போட்டது, 1972இல் தொடங்கிய பிவா அபிவிருத்தித் திட்டம் கால் நூற்றாண்டு நடந்தது. ஆனால் கட்டியதோடு முடித்துக்கொள்ளவில்லை. 1981 முதல் ஜூலை 1ஆம் திகதி பிவா நாள். ஒவ்வொரு வருடமும் ஊர் ஊராகக் கரையில் இறங்கிக் குப்பை பொறுக்குகிறார்கள். வருடம் தவறாமல் திரும்பி வருகிற நாள் அது.

தமிழ்நாட்டில் 2017இல், ஊராரே நீர்நிலையைத் திருத்தும் குடிமராமத்து என்ற பழைய பெயரை எடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளைத் தொடங்கினார்கள். பாசனக்காரர் சங்கம் பத்து வீதப் பங்கு தர வேண்டும் என்பது விதி. பெயர் சரி. ஆனால் பழைய குடிமராமத்து ஒரு திட்டமாக வந்ததே இல்லை, அது வருடாந்தப் பழக்கம்.

நம்முடைய நாட்டிலேயே ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் விட மலிவானது. ஆற்றுவாழையின் சகபாடியான சல்வீனியா 1939இல் இங்கே வந்தது, குளங்களை மூடியது. 1986இல் அவுஸ்திரேலிய ஆய்வு உதவியோடு அதைத் தின்னும் சின்னக் கூன்வண்டு ஒன்றைக் குளங்களில் விட்டார்கள். அரிசிமணியைவிடச் சிறிய பூச்சி. சில வருடங்களில் பல குளங்கள் வெளித்தன. பிறகு கணக்குப் பார்த்தபோது, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் பயன் என்று வந்தது. ஏன் பலித்தது? வண்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. குளத்திலேயே குடியிருந்து, முட்டையிட்டுப் பெருகி, தினமும் தின்றது. மீண்டெழும் செடிக்கு மீண்டெழும் பூச்சி.

ஏரிப்பட்டி, வட்டவிதானை, ஜாரியா

நம் முன்னோருக்கு இது தெரியாமல் இல்லை. சோழர் காலத்துத் தமிழகத்தில் ஏரியைக் காக்க ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கி வைத்தார்கள். அந்த நிலத்து விளைச்சல் வருடா வருடம் அந்த ஏரியின் தூர் எடுப்புக்கே போகும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் தனி வாரியமாகவே இருந்தது, அதற்கு ஆளைக் குடவோலையில் தெரிந்தெடுத்தார்கள். கொடையாகக் காசைக் கொடுத்தால் ஒருநாள் தீர்ந்துவிடும், நிலத்தைக் கொடுத்தால் காசு விளைந்துகொண்டே இருக்கும் என்ற எளிய புத்தி.

கிழக்கில் அதை வட்டவிதானை செய்தார். வட்டை என்ற வயல்வெளி ஒவ்வொன்றுக்கும் ஒருவர். மதகு திறப்பது, முறை வைப்பது, வாய்க்கால் வெட்ட ஆள் கூப்பிடுவது, வராதவனைத் தட்டிக் கேட்பது எல்லாம் அவர் தலையில். அவருக்கு அரசு சம்பளம் கொடுக்கவில்லை. அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு இத்தனை என்று வயற்காரர் நெல்லாக அளந்தார்கள். களத்திலிருந்து அவணம் வீட்டுக்குப் போகுமுன் விதானையின் பங்கு பிரியும். 1850களில் தேசாதிபதி ஹென்றி வார்ட் இறக்காமத்துக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் அரசு செலவில் புதுப்பித்தார். அந்தக் காலத்திலேயே, 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தில், குளத்தைக் கட்டுவதோடு நிற்காமல் ஊரின் பழைய நீர் வழமைகளுக்கும் உயிர் கொடுத்தார்கள். கட்ட அரசு, காக்க ஊர் என்பதுதான் அந்த ஏற்பாடு. 1958இன் நெற்காணிச் சட்டம் வட்டவிதானைப் பதவியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் நம் வட்டைகளில் இன்னும் வழக்கில் இருக்கிறது.

பழையதை எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. வயலுக்கு உடையவரான போடியாருக்கு ஒரு நியாயம், வயலில் உழைத்த முல்லைக்காரனுக்கு ஒரு நியாயம் என்று நடந்ததும் அந்தக் காலத்தில்தான். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீரைக் காக்கிறவனுக்கு ஒவ்வொரு போகமும் கூலி போனது.

இந்தக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ஸதகத்துல் ஜாரியா என்ற சொல்லே ‘ஓடிக்கொண்டிருக்கும் தர்மம்’ என்றுதான் பொருள் தருகிறது. கிணறு வெட்டி வைப்பது, வக்புச் சொத்து எழுதி வைப்பது எல்லாம் அந்த வகை. கொடுத்தவர் மௌத்தான பிறகும் பயன் ஓட வேண்டும். பள்ளிவாசலுக்குத் தென்னந்தோப்பு எழுதி வைத்த நம் மூத்தவர்கள், பள்ளியின் விளக்கெண்ணெய்க்கும் முஅத்தினின் சம்பளத்துக்கும் வழி செய்துவிட்டுத்தான் கண்மூடினார்கள். கட்டடத்தை மட்டும் எழுப்பி, விளக்கேற்ற வழி செய்யாமல் போனவர்கள் அவர்கள் இல்லை.

இனி என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். முதலில் ஒரு வரி போதும். காரைதீவுப் பிரதேச சபையும், சம்மாந்துறை, கல்முனை, நாவிதன்வெளிச் சபைகளும் தங்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ‘நீர்நிலைப் பராமரிப்பு’ என்று மீண்டெழும் செலவில் ஒரு தனித் தலைப்பைத் திறக்கட்டும். தொகை சிறிதாக இருக்கட்டும், வருடா வருடம் இருக்கட்டும்.

அந்தக் காசில் பெக்கோவுக்கு முன்னால் ஆள் வைக்கட்டும். ஆறு, ஏழு பேர், இரண்டு தோணி, ஒரு கொக்கத் தடி. மே மாதம் ஆறு வற்றியதும் தொடங்கி, புதிதாக முளைப்பதைக் கிழமைக்குக் கிழமை பிடுங்கினால் நவம்பரில் பிடுங்க ஒன்றும் இருக்காது. பிடுங்கியதைக் கரையில் விடாமல் கூட்டெருவாக்கி வயலுக்கே திருப்பினால், வயலிலிருந்து ஓடி வந்த சத்து வயலுக்கே போய்ச் சேரும். இந்தச் செடியில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் தண்ணீர். காயவிட்டால் மலை போன்ற குவியலும் மடியளவாகும், ஏற்றி இறக்கும் செலவும் குறையும்.

மாதம் ஒருமுறை பாலத்தடியில் ஒரு போத்தல் நீர் எடுத்து நைத்திரேற்று, பொஸ்பேற்று, ஒட்சிசன் பார்க்கட்டும். இங்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சம்மாந்துறையில் அதன் விஞ்ஞான பீடம் இருக்கிறது. மாணவருக்கு அது பாடம், ஊருக்கு அது நோயறிக்கை. அந்த எண்களைப் பள்ளிவாசல் பலகையிலும் கோயில் பலகையிலும் ஒட்டினால், எந்தக் கந்தோரும் ‘தெரியாது’ என்று சொல்ல இடமிருக்காது.

மாவட்டச் செயலகத்தில் ஒன்பது கந்தோரும் ஒரே மேசையில் வருடத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டும். ஒன்று, மழைக்கு முன் செப்டெம்பரில். மற்றது, பெரும்போகம் அறுத்த பின். கொழும்புக்கு அனுப்பும் மதிப்பீடு கிழக்கின் மழை நாட்காட்டியைப் பார்த்து ஜனவரியிலேயே போகட்டும். இனி எந்தக் கொடையாளி வந்து ‘நீர்நிலையைப் புனரமைத்துத் தருகிறோம்’ என்றாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி எவ்வளவு தருகிறீர்கள் என்பதல்ல. பத்தாவது வருடம் இதைப் பார்க்கிறவர் யார், அவர் சம்பளம் எந்தத் தலைப்பில்?

இதை எழுதி முடிக்கையில் கண்ணுக்குள் நிற்பது அந்த ஊதாப் பூதான். நாளைக்குள் வாடிவிடும், தண்டு வளைந்து தண்ணீருக்குள் இறங்கி விதையைச் சேற்றில் உதிர்க்கும். அந்த விதைக்கு அவசரம் இல்லை, இருபது வருடம் காத்திருக்கும். அதைப் பிடுங்கப்போகிற கைக்கு அடுத்த மாதச் சம்பளம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் நாம் இப்போது சபையில் கேட்க வேண்டியது.